கதை சொல்பவரை நம்பலாமா? கொரிய உளவியல் த்ரில்லர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் ஏழு கேள்விகளில் எந்தப் படத்தின் முடிவும் இல்லை. எட்டாவதிலிருந்து முடிவுகளைப் பற்றிப் பேசுகிறோம். படத்தின் பெயர் கேள்வியிலேயே இருக்கும், கடைசிக் கேள்வியில் மட்டும் பதிலில் இருக்கும்; பார்க்காத படமென்றால் அந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். நம் ரசிகர்களிடம் புழங்கும் ஆங்கிலத் தலைப்புகளையே பயன்படுத்தியிருக்கிறோம்.

1. நம்பத்தகாத கதைசொல்லி என்றால் பொய் சொல்பவர்தானே?

பொய் சொல்பவர் அதில் ஒரு வகை. அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத் 1961-இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது நாவலை மனதில் வைத்திருந்தார். நாவலில் "நான்" என்று ஒருவர் பேசுவார், அவரைச் சந்தேகிக்கலாம். சினிமாவில் பெரும்பாலும் அந்த "நான்" கிடையாது. கேமரா காட்டுவதை நாம் சாட்சியம் போல எடுத்துக்கொள்கிறோம். சிக்கலும் சுவையும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கொரியப் படங்களில் இப்படிப்பட்டவர்கள் பல விதம். மனம் உடைந்து, இல்லாததைப் பார்ப்பவர். மறதியால் நடுவே பக்கங்கள் கிழிந்துபோனவர். தெரிந்தே மறைப்பவர். எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிட்டு, பார்த்ததற்குத் தப்பான பொருள் கொள்பவர். இவர் பெரும்பாலும் போலீஸ்காரராக இருப்பார். இன்னொரு விதத்தில் எந்தப் பாத்திரமும் பொய் சொல்லாது, எடிட்டிங் சொல்லும். இரண்டு காட்சிகளை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டினால், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நாமே முடிவுகட்டிக்கொள்வோம். எந்தப் படம் எந்த வகை என்று இங்கேயே சொன்னால் பாதிப் படம் போய்விடும்.

2. கொரியாவிலிருந்து மட்டும் ஏன் இத்தனை படங்கள்?

"ஹான்" என்ற ஆறாத சோகம் கொரியர்களின் ரத்தத்தில் ஊறியது, அதனால்தான் என்று ஒரு பதில் எங்கும் சுற்றுகிறது. எதை வேண்டுமானாலும் அதை வைத்து விளக்கிவிடலாம் என்பதாலேயே அது எதையும் விளக்குவதில்லை. கையில் பிடிக்கக்கூடிய காரணங்களைப் பார்ப்போம்.

முதல் காரணம், அதிகாரத்தின் வாக்குமூலத்தை நம்பக்கூடாது என்று பாடம் படித்த தலைமுறை இது. 1987 ஜனவரியில் சியோலில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். மேசையை ஓங்கித் தட்டினோம், ஒரு முனகலோடு செத்துவிட்டார் என்றது போலீஸ். உண்மையில் அது சித்திரவதை. அது வெளியே வந்ததும் தெருவில் திரண்ட கூட்டம் அந்த ஆண்டே ஆட்சியாளர்களைத் தேர்தல் சீர்திருத்தத்துக்குப் பணியவைத்தது. அப்போது இளைஞர்களாக இருந்தவர்கள்தான் பிறகு இந்தப் படங்களை எடுத்தார்கள்.

இரண்டாவது, 1996 அக்டோபரில் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஏழே ஆண்டுகளில் என்ன நடந்தது பாருங்கள்: "மெமரீஸ் ஆஃப் மர்டர்", "எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்", "ஓல்ட்பாய்", "சேவ் தி கிரீன் பிளானட்" நான்கும் 2003 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. பொங் ஜூன்-ஹோ, பார்க் சான்-வூக், கிம் ஜீ-வூன், நா ஹொங்-ஜின் ஆகிய இயக்குநர்கள் எல்லோரும் தங்கள் திரைக்கதையைத் தாங்களே எழுதுபவர்கள், அல்லது கூட உட்கார்ந்து எழுதுபவர்கள். இந்த வகைப் படத்துக்கு அது முக்கியம். பொய்யின் ஒவ்வொரு ஆணியும் எங்கே அடிக்கப்பட்டது என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நாட்டார் கதைகள். பழைய கொரியப் பேய்க்கதைகளில் கொலையுண்ட பெண்ணின் ஆவி பழிவாங்க வருவதற்கு முன் ஊர் அதிகாரியிடம் முறையிட வருகிறது. வீட்டில் உயிரோடு இருப்பவர்கள் பொய் சொல்வார்கள். செத்தவள் மட்டும் உண்மை பேசுவாள். யார் சாட்சியை நம்புவது என்ற கேள்வி அங்கே பேயோடு சேர்ந்தே வருகிறது.

3. எதில் தொடங்குவது?

"மெமோயர் ஆஃப் எ மர்டரர்" (2017, 118 நிமிடம்). முன்னாள் தொடர் கொலையாளி ஒருவருக்கு அல்சைமர். ஊருக்கு வந்திருக்கும் இளைஞன் தன்னைப் போன்ற கொலையாளி என்று சந்தேகிக்கிறார். இவரை நம்ப முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவதால் பழகுவதற்கு நல்ல படம். அடுத்து ஜேசன் யூவின் "ஸ்லீப்" (2023, 95 நிமிடம்). புதிதாகக் கல்யாணமானவர்கள், கணவன் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து "யாரோ உள்ளே வந்திருக்காங்க" என்கிறான். சின்ன வீடு, சில பாத்திரங்கள், இறுக்கமான படம்.

பிறகு "தி ஹேண்ட்மெய்டன்" (2016). ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்த 1930களின் கொரியா, மூன்று பாகங்கள், குரல் மாறிக்கொண்டே போகும் கதை. 145 நிமிட வடிவமே போதும். 168 நிமிட நீள்வடிவம் முதல்முறை பார்ப்பவருக்குத் தேவையில்லை. அதன் பிறகு "டூ சிஸ்டர்ஸ்". "தி வெய்லிங்" (2016, 156 நிமிடம்), "பர்னிங்" (2018, 148 நிமிடம்) இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் முடிவில் எதையும் அவிழ்த்துக் கொடுக்காது; அந்தப் பழக்கம் இல்லாமல் உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

"ஓல்ட்பாய்" பலருக்கு முதல் படமாக அமைந்துவிடுகிறது. 2004-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய படம், சந்தேகமில்லை. ஆனால் அதன் வன்முறையையும் முடிவையும் முதலில் பார்த்துவிட்டு, மற்ற படங்களிலும் அதே அதிர்ச்சியை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்.

4. டப்பிங்கில் பார்க்கலாமா? வசனவரி போதுமா?

மூலக் குரலும் வசனவரியும்தான். நடிப்பு கெட்டுவிடும் என்பதைவிடப் பெரிய காரணம் இலக்கணத்தில் இருக்கிறது.

கொரிய மொழியில் எழுவாயைச் சாதாரணமாக விட்டுவிடுவார்கள். நாமும்தான் விடுகிறோம். ஆனால் நம் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: வந்தான், வந்தாள், வந்தேன். கொரியத்தில் "வாஸ்ஸொ" என்றால் இந்த மூன்றும்தான். யார் என்பது சூழலைப் பொறுத்தது. ஒரு பாத்திரம் தான் செய்ததைச் சொல்கிறதா, இன்னொருத்தி செய்ததைச் சொல்கிறதா என்பதை வசனமே மூடிவைக்க முடியும். ஆங்கில வசனவரி எழுதுபவர் ஏதோ ஒரு எழுவாயைப் போட்டே ஆகவேண்டும். தமிழ் டப்பிங்கில் "ஆன்", "ஆள்" விகுதி போட்டே ஆகவேண்டும். முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும், அல்லது தப்பாக விழுந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, தமிழுக்கு லாபமான இடமும் உண்டு. "வாத்தே" என்று கொரியர் சொன்னால் "வந்தாளாம்" என்று பொருள், கேள்விப்பட்ட செய்தி. "வாத்தொரா" என்றால் வந்ததைப் பேசுபவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். கேட்டதையும் கண்டதையும் பிரிக்கும் நம் "ஆம்" ஆங்கிலத்தில் கிடையாது. ஆங்கில வசனவரியில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகிறது. வதந்தி ஊரையே ஆட்டிவைக்கும் படங்களில் அது சின்ன இழப்பில்லை.

"ஹேண்ட்மெய்டன்" படத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. பாத்திரங்கள் கொரியம், ஜப்பானியம் இரண்டிலும் பேசுவார்கள். ஆங்கில வெளியீட்டில் கொரிய வசனவரி வெள்ளையிலும் ஜப்பானிய வசனவரி மஞ்சளிலும் வரும். யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதே நடிப்பின் பாதி. நிறம் பிரிக்காத பிரதி கிடைத்தால் வேறு பிரதி தேடுங்கள்.

5. பார்க்கும்போது என்ன தப்பு செய்கிறோம்?

வெளிச்சம் முதல் பிரச்சினை. "டூ சிஸ்டர்ஸ்" வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் அலமாரி இடுக்கிலும் வைத்திருப்பதெல்லாம் கறுப்பின்மேல் கறுப்பு. மதிய வெயில் அடிக்கும் கூடத்தில், மொபைலின் தானியங்கி வெளிச்சத்தில் பார்த்தால் எதுவும் தெரியாது. டிவியில் "டைனமிக்" அல்லது "விவிட்" இருந்தால் "மூவி" அல்லது "சினிமா" முறைக்கு மாற்றுங்கள். முகங்களை மெழுகாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஒலி. "பர்னிங்" படத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து வடகொரியப் பிரச்சார ஒலிபெருக்கி மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண ஹெட்போன் போதும், ஆனால் ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள்.

1.5 மடங்கு வேகத்தில் ஓட்டுவது இந்தப் படங்களைக் கொல்லும். பாத்திரம் பதில் சொல்லாமல் இருக்கும் இரண்டு விநாடிதான் தடயம்; வேகத்தில் அது மறைந்துவிடும். முதல் பத்து நிமிடத்தைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பார்ப்பதும் அப்படித்தான். இந்த வகையில் தொடக்கக் காட்சி பெரும்பாலும் முழுப் படத்தின் சாவி.

6. முடிவு தெரிந்துவிட்டது. இனிப் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. கொரிய ரசிகர்களிடம் இதற்கென்றே சொற்கள் உண்டு. திருப்பம் "பான்ஜொன்". படத்தில் தூவிவைத்த குறிப்பை "தொக்பாப்" என்பார்கள். மீனுக்குப் போடும் இரை. தூவிய இரையை இயக்குநர் ஒழுங்காகத் திரும்ப அள்ளினாரா என்று கணக்குப் பார்ப்பார்கள். ஒரே படத்தைப் பலமுறை தியேட்டரில் பார்ப்பதற்கு "என்-சா க்வாலாம்", அதாவது எத்தனையாவதோ தடவை பார்ப்பது. நல்ல படம் இரண்டாவது தடவையில் வேறு படமாகிறது: முதல் தடவை பயந்த இடத்தில் அந்த ஆளுக்காக வருத்தம் வரும். மோசமான படத்துக்கு முடிவு தெரிந்தால் வேலை முடிந்தது.

7. தடயங்களைக் கண்டுபிடிக்க ஏதாவது முறை இருக்கிறதா?

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு தாளோடு உட்காருங்கள். காட்சிக்கு ஒரு வரி போதும், அதில் மூன்று விஷயம்.

சந்தேகத்துக்குரிய ஆளோடு மூன்றாவது ஒருவர் பேசுகிறாரா? அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, அல்லது பொதுவாகக் காற்றில் பேசுகிறாரா? அடுத்து, அந்த ஆள் தொட்ட பொருள் பிறகும் நகர்ந்த இடத்திலேயே இருக்கிறதா? தட்டில் சோறு குறைகிறதா? மூன்றாவது, நாம் யார் மனதுக்குள் இருக்கிறோமோ அவர் இல்லாத காட்சி ஏதாவது உண்டா? அப்படி ஒன்று வந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இயக்குநரின் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அதுதான் அவர் விட்டுவைத்த கதவு.

அடிக்கடி நடக்கும் பிசகு என்னவென்றால், ஒரு தடயம் கிடைத்ததும் எல்லாமே மனப்பிரமை என்று தீர்ப்பெழுதிவிடுவது. கொரியப் படங்கள் அதற்கும் ஒரு குழி வெட்டி வைத்திருக்கும். பிரமையும் நிஜப் பேயும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

8. "எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்": எது நிஜம், எது சு-மியின் மனம்?

மனநல மருத்துவமனையிலிருந்து அப்பாவின் வீட்டுக்கு வருவது சு-மி ஒருத்தி மட்டும். தங்கை சு-யொன் ஏற்கெனவே இறந்துவிட்டாள். வீட்டில் நாம் பார்க்கும் சித்தி உன்-ஜூ பெரும்பாலும் சு-மியே. அப்பா நிஜம்.

இதைப் படம் ஒளிக்கவே இல்லை என்பதுதான் அழகு. அப்பா ஒருமுறைகூட சு-யொன்னிடம் நேராகப் பேசுவதில்லை. சு-மி தன் பொருட்களை மேசைக்குள் வைக்கப் போனால் அதே பொருட்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அலமாரியில் ஒரே மாதிரி உடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. சித்திக்கும் பெண்ணுக்கும் ஒரே நாளில் மாதவிலக்கு வருகிறது. விருந்துக் காட்சியில் உன்-ஜூ சின்ன வயதுக் கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பி அப்படி எதுவும் நினைவில்லை என்கிறான். முதல் தடவை அவன்தான் நமக்கு முசுடாகத் தெரிகிறான்.

ஆனால் அதே விருந்தில் தம்பியின் மனைவிக்கு வலிப்பு வருகிறது. காரில் திரும்பும்போது, சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு சிறுமியைப் பார்த்தேன் என்கிறாள். அவளுக்கும் சு-மியின் மனதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடைசியில் நிஜ உன்-ஜூ தனியாக அலமாரிக்கு முன் நிற்கும்போது வருவதும் பிரமை அல்ல. ஆக, சித்தி பொய், பேய் நிஜம். "எல்லாம் அவள் கற்பனை" என்று முடிப்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் விட்டுவிடுகிறார்கள்.

படத்தின் கொரியத் தலைப்பு "ஜாங்ஹ்வா, ஹொங்ரியன்": ரோஜா, செந்தாமரை. ஜோசொன் அரசர்கள் காலத்து நாட்டார் கதையின் இரண்டு சகோதரிகள். அதில் சித்தி தோலுரித்த எலியைப் படுக்கையில் போட்டு, பெரியவளுக்குக் கருக்கலைந்தது என்று பழிசுமத்திக் குளத்தில் தள்ளவைக்கிறாள். தங்கையும் அதே குளத்துக்குப் போகிறாள். ஆவிகள் முறையிட வர, அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பயத்தில் சாகிறார்கள். கடைசியாக ஒருவர்தான் காதுகொடுக்கிறார். கொரியப் பார்வையாளர் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வருகிறார், சித்திதான் கொடியவள் என்று உட்காரும் முன்பே முடிவெடுத்துவிடுகிறார். கிம் ஜீ-வூன் அந்த முன்முடிவைத்தான் தூண்டிலாக்கினார். அந்தத் தூண்டில் தெரியாததால்தான் "தி அன்இன்வைடட்" (2009) என்ற அமெரிக்க ரீமேக் வெறும் திருப்பமாகச் சுருங்கிப்போனது.

கடைசிப் பிளாஷ்பேக்தான் மர்மத்தின் வேர். அலமாரி சரிந்து சு-யொன் அடியில் சிக்கித் துடிக்கிறாள். உன்-ஜூ பார்த்துவிட்டுத் தயங்கித் திரும்புகிறாள். எதிரே சு-மி வருகிறாள், இருவருக்கும் வாய்ச்சண்டை, இந்த நொடிக்காக நீ வருந்துவாய் என்கிறாள் உன்-ஜூ. சு-மி கோபத்தில் வெளியே நடக்கிறாள். அந்தச் சில நிமிடங்களைத் தாங்க முடியாமல்தான் அவள் மூன்று ஆட்களாகிறாள்.

9. "பர்னிங்": பென் கொலையாளியா?

படம் பதில் தராது. எழுத்தாளனாக விரும்பும் ஜொங்-சு, அவன் விரும்பும் ஹே-மி, அவளோடு பழகும் பணக்காரன் பென். ஹே-மி காணாமல் போகிறாள். இயக்குநர் லீ சாங்-தொங் இரண்டு பக்கமும் ஒரே எடையை வைத்திருக்கிறார். ஹாருகி முரகாமியின் "கொட்டகை எரித்தல்" சிறுகதையில் கொட்டகை. படத்தில் அது பிளாஸ்டிக் தாள் போட்ட பசுமைக்குடில்.

பென்னுக்கு எதிராக: ஜொங்-சு ஹே-மிக்குக் கொடுத்தது போன்ற இளஞ்சிவப்புக் கைக்கடிகாரம் அவன் குளியலறை இழுப்பறையில் இருக்கிறது. அவன் வீட்டுப் பூனை "பாயில்" என்று கூப்பிட்டதும் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு குடிலை எரிப்பதாக அவனே சொல்கிறான். அவனுக்கு ஆதரவாக: கடிகாரம் மலிவான பரிசுப்பொருள், எத்தனையோ பேரிடம் இருக்கும். ஹே-மியின் பூனையை ஜொங்-சு ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை, பின் எப்படி அதே பூனை என்பது? அவள் சிறுவயதில் விழுந்ததாகச் சொன்ன கிணறு இருந்ததா என்று கேட்டால் ஒருவர் இல்லை என்கிறார், ஜொங்-சுவின் அம்மா இருந்தது என்கிறாள்.

முதலிலேயே ஹே-மி கற்றுத்தருகிறாள். இல்லாத ஆரஞ்சை உரித்துத் தின்று காட்டி, இருப்பதாக நினைக்காதே, இல்லை என்பதை மறந்துவிடு என்கிறாள். ஜொங்-சு மீதிப் படம் முழுக்க அதைத்தான் செய்கிறான்.

இனி ஏழாவது கேள்வியில் சொன்ன கதவு. படத்தின் ஏறக்குறைய எல்லாக் காட்சிகளிலும் ஜொங்-சு இருக்கிறான். கடைசிப் பகுதியில் அவன் ஹே-மியின் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் எழுதுகிறான். கேமரா ஜன்னலுக்கு வெளியே பின்வாங்குகிறது. அதற்கு அடுத்து, பென் தன் வீட்டில் புதிய பெண்ணுக்கு ஒப்பனை செய்துவிடும் காட்சி. ஜொங்-சு அங்கே இல்லை. அதன் பிறகுதான் கத்திக்குத்தும் தீயும். என்ன எழுதுவதென்றே தெரியாமல் திரிந்த எழுத்தாளன் எழுதத் தொடங்கியதும் பார்வைக்கோணம் மாறுகிறது. ஆகவே முடிவு அவன் நாவலின் பக்கமாக இருக்கலாம் என்ற வாசிப்புக்கு இதுதான் பலமான ஆதாரம். எங்கள் சாய்வும் அந்தப் பக்கம்தான், ஆனால் பந்தயம் கட்ட மாட்டோம்.

10. "தி வெய்லிங்": சாமியாடி யார் பக்கம்?

சாமியாடி இல்-க்வாங் நடத்தும் சடங்குக் காட்சியைக் கவனியுங்கள். கொரியாவில் இதைக் "குத்" என்பார்கள். ஒரு பக்கம் இல்-க்வாங் மரத்தூணில் ஆணி அடிக்கிறார். மறுபக்கம் மலைக்குடிசையில், ஊரார் சந்தேகிக்கும் ஜப்பானியர் தன் சடங்கைச் செய்கிறார், வதைபடுகிறார். மாற்றி மாற்றி வெட்டுவதால் அடி ஜப்பானியருக்கு விழுகிறது என்று நம்புகிறோம். ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் வீட்டில் அலறுவது போலீஸ்காரர் ஜொங்-கூவின் மகள். ஜப்பானியருக்கு முன்னால் இருப்பது வேறொரு இறந்த ஆளின் புகைப்படம். இரண்டு சடங்குகளும் ஒன்றையொன்று தாக்குகின்றன என்று படத்தில் யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னது வெட்டு.

இல்-க்வாங்கும் ஜப்பானியரும் ஒரே மாதிரி ஜப்பானியக் கோவணம் கட்டியிருப்பதும், கடைசியில் இல்-க்வாங்கின் காரிலிருந்து புகைப்படங்கள் கொட்டுவதும் இரண்டாவது தடவை கண்ணில் குத்தும். முதல் காட்சியே தூண்டில் முள்ளில் இரை கோர்ப்பது. மீன்பிடிப்பவனுக்கு எது சிக்கும் என்று தெரியுமா, இரையைப் போட்டான், உன் மகள் கவ்விவிட்டாள் என்று ஜொங்-கூவிடம் சொல்வதும் இதே இல்-க்வாங்தான்.

ஜொங்-கூ பொய் சொல்பவர் இல்லை, மந்தமான ஊர்ப் போலீஸ்காரர். கடைசியாக யார் பேசினார்களோ அவர்களை நம்புவார். சேவல் மூன்றாவது முறை கூவும்வரை வீட்டுக்குள் போகாதே என்கிறாள் வெள்ளுடைப் பெண். அவள்தான் பேய் என்று போனில் இல்-க்வாங் சொல்கிறார். அவரோடு சேர்ந்து நாமும் கடைசியாகக் கேட்டதை நம்புகிறோம். தலைப்பு "கொக்சொங்" ஒரு மாவட்டத்தின் பெயர். வேறு சீன எழுத்துகளில் எழுதினால் ஒப்பாரிச் சத்தம்.

11. "மெமோயர் ஆஃப் எ மர்டரர்": இரண்டு வடிவங்கள் ஏன்?

திரையரங்கில் வந்தது 118 நிமிடம். "அனதர் மெமரி" என்ற இயக்குநர் வடிவம் சுமார் பத்து நிமிடம் நீளம், முடிவு வேறு. முதலாவது, இளைஞனைப் பற்றிய சந்தேகத்துக்கு ஒரு தெளிவான பதிலை நோக்கிச் சாய்கிறது. இரண்டாவது அந்தப் பதிலையே குலைக்கிறது. இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். மூலமான கிம் யங்-ஹாவின் 2013 நாவல் இரண்டையும்விடக் கொடூரம்: அங்கே மகள் என்று அவர் நினைத்தவளே மகள் இல்லை, பார்த்துக்கொள்ள வந்தவள். எழுத்தில் அதைச் செய்வது சுலபம். மகளாக நடிக்கும் நடிகையின் முகத்தை இரண்டு மணி நேரம் பார்த்துப் பழகிவிட்ட பார்வையாளரிடம் அதைச் செய்வது கடினம்.

12. "ஃபர்காட்டன்" ஏன் பலருக்குப் பாதியில் தொய்கிறது?

முதல் நாற்பது நிமிடம் பிரமாதம். கடத்தப்பட்டுத் திரும்பிவந்த அண்ணன் அண்ணன்தானா என்ற பயம் உள்ளே இறங்குகிறது. பிறகு ஹிப்னாடிசம் வருகிறது, அதோடு நீளமான விளக்கமும். தடயங்களை நாம் கோர்ப்பதற்குள் படமே கோர்த்துக் கையில் தந்துவிடுகிறது. 1997 நிதி நெருக்கடி ஒரு குடும்பத்தை எங்கே தள்ளியது என்ற பகுதி மட்டும் மனதில் நிற்கும்.

13. "மெமரீஸ் ஆஃப் மர்டர்" இந்தப் பட்டியலில் சேருமா?

சேரும், கொஞ்சம் பக்கவாட்டில். கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்கிறார் துப்பறிவாளர் பார்க். அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் என்று அவர்கள் வைத்திருந்த ஒலிநாடா, நேரம் கடந்து மறுபடி கேட்கும்போது கொலையைப் பார்த்த சாட்சியின் பேச்சு என்று புரிகிறது. கதைசொல்லி சரியாகத்தான் சொன்னான்; கேட்டவர்கள் நம்பத்தகாதவர்கள்.

படம் 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங்கில் நடந்த கொலைகளைத் தழுவியது. கொலைக்கு அன்று 15 ஆண்டு காலவரம்பு இருந்ததால் கடைசி வழக்கும் 2006-இல் காலாவதியானது. 2015-இல்தான் அந்த வரம்பை நீக்கினார்கள். 2019-இல் டிஎன்ஏ மூலம் ஆள் அடையாளம் காணப்பட்டபோது, அவர் வேறொரு கொலைக்காக 1994 முதலே சிறையில் இருந்தார். எட்டாவது கொலைக்காக சுமார் 20 ஆண்டு சிறையில் கழித்த வேறொருவரை 2020 டிசம்பரில் நீதிமன்றம் நிரபராதி என்று விடுவித்தது. அடித்து வாங்கிய வாக்குமூலம் என்ற படத்தின் மையம் நிஜத்திலும் அப்படியே இருந்திருக்கிறது.

14. "தி ஹவுஸ்மெய்ட்" (1960) பற்றி ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

கிம் கி-யங்கின் இந்தப் படம் இல்லாமல் மேலே சொன்ன வீடுகளும் மாடிப்படிகளும் இல்லை. ஒரு குடும்பம், ஒரு வேலைக்காரி, எலி பாஷாணம். எல்லாம் நாசமான பிறகு கதை செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் கணவனிடம் திரும்புகிறது. அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்து, உங்களுக்கும் நடக்கலாம் என்று ஆண்களை எச்சரிக்கிறான். நடந்ததா, ஒரு செய்தியைப் படித்தவனின் கற்பனையா? 2008-இல் மீட்டெடுக்கப்பட்ட பிரதியைப் பாருங்கள். நடுவில் சில காட்சிகள் மங்கலாக இருந்தால் உங்கள் இணையத்தைத் திட்ட வேண்டாம். அந்தச் சுருள்கள் கையெழுத்து வசனவரியோடு கிடைத்த பழைய பிரதியிலிருந்து எடுத்தவை.

15. முழுதாக இரண்டாம் தடவை பார்க்க நேரமில்லை. எந்தக் காட்சிகள் போதும்?

"டூ சிஸ்டர்ஸ்": மருத்துவர் நீ யார் என்று கேட்கும் தொடக்கம், மேசை இழுப்பறை, விருந்து. "பர்னிங்": ஆரஞ்சு உரிப்பது, அந்தி வெளிச்சத்தில் மூவரும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பது, லேப்டாப்பிலிருந்து கடைசிவரை. "வெய்லிங்": தூண்டில், குத், சேவல். "ஸ்லீப்": கணவன் தொழில்முறை நடிகன் என்று தெரியும் இடங்களையும் கடைசிக் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். "ஹேண்ட்மெய்டன்" படத்துக்கு இது தேவையில்லை. இரண்டாம் பாகத்தில் அந்தப் படம் தன்னைத்தானே மறுபடி போட்டுக் காட்டிவிடுகிறது.